இடது தோளுக்குப் பின்னால் நின்றவர்

என் அப்பா பார்ட்லி ரூவேன் தன் வாழ்நாளின் பெரும்பகுதியை இன்னொரு மனிதரின் இடது தோளுக்குப் பின்னால் நின்று கழித்தார். அந்தத் தோள் கார்மக் டிவானியுடையது. டிவானி முதலில் அயர்லாந்தின் மேற்கே எங்கள் மேயோ மாவட்டத்தில் கவுன்சிலர். பிறகு டப்ளினில் எம்.பி. கொஞ்ச காலம் சாலைகளுக்குத் துணை மந்திரி. ஒரு தேர்தலில் தோற்று, அடுத்த வருடமே ஐரோப்பிய பாராளுமன்றத்துக்குப் போய், அங்கே இரண்டு பதவிக்காலம் இருந்தார். அப்பா இவற்றில் எதுவும் இல்லை. பால் லாரி ஓட்டினார். சாயங்காலம் லாரியை நிறுத்தி, முகம் கழுவி, கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு டிவானியின் காரை ஓட்டப் போவார். அதற்குச் சம்பளம் கிடையாது.

போன வாரம் டிவானி அரசியலை விட்டு விலகினார். உள்ளூர் பத்திரிகை அவருக்காக ஒரு முழுப் பக்கத்தை ஒதுக்கியிருந்தது. பாலம் திறக்கும் டிவானி, மீனவர்களோடு டிவானி, ஸ்ட்ராஸ்பர்க் பாராளுமன்றத்தில் கொடிகளுக்கு முன்னால் டிவானி. கொடிகள் இருக்கும் படத்தைத் தவிர எல்லாவற்றிலும் அவர் இடது தோளுக்குப் பின்னால் ஒரு காதோ, பாதி வெட்டுப்பட்ட கறுப்புக் கோட்டுக் கையோ தெரிந்தது. அது அப்பா. எந்தப் படத்தின் கீழும் அவர் பெயர் இல்லை.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது வெட்கம். அலுவலகத்தில் வேறு யாராவது பார்ப்பதற்குள் பத்திரிகையை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று சொல்ல வேண்டுமானால், அம்மாவை அடக்கம் செய்த இரண்டு நாட்களைச் சொல்ல வேண்டும். அதற்கு முன் அப்பாவின் வேலை என்னவென்று சொல்ல வேண்டும்.

எங்கள் ஊரில் ஓட்டு கேட்பது தேர்தலுக்கு முந்தைய சில வாரங்களில் நடக்கிற காரியம் இல்லை. துக்கத்துக்கு வந்து நிற்கிறவனுக்குத்தான் ஓட்டு. காலையில் உள்ளூர் ரேடியோவில் மரண அறிவிப்பு வாசிப்பார்கள். அந்த நேரத்தில் எங்கள் வீட்டில் யாரும் பேசக்கூடாது, கரண்டிச் சத்தம்கூடக் கேட்கக்கூடாது. அப்பா கேட்டு முடித்ததும் டிவானிக்குப் போன் செய்வார். சாயங்காலம் இருவரும் கிளம்புவார்கள். துக்கக் கூடத்தில் பெட்டியைத் திறந்து வைத்திருப்பார்கள். பக்கத்தில் குடும்பத்தார் வரிசையாக நிற்பார்கள். ஊர் முழுக்க ஒவ்வொருவராக வந்து கை கொடுத்து, "உங்க கஷ்டத்துக்கு வருந்துறேன்" என்று சொல்லி நகர்வார்கள். டிவானியும் அதைத்தான் சொல்வார். ஆனால் அவருக்கு முகங்கள் நிற்காது. அப்பாவுக்கு நிற்கும். பால் எடுக்கப் போகாத வீடு அவருக்கு இல்லை. அவர் டிவானியின் இடது தோளுக்குப் பின்னால் ஒட்டி நின்று, உதடு அசைவது தெரியாமல் சொல்லிக்கொண்டே வருவார்.

"மூத்த பொண்ணு ஆனி, மினிஸ்டர். லீட்ஸ்ல நர்ஸ். அடுத்தவன் பேட்ரிக், குடி நிறுத்திட்டான். அதுக்கடுத்தது மருமகள், பென்ஷன் விஷயமா உங்களப் பாத்திருக்கா."

டிவானி உடனே, "ஆனி, லீட்ஸ்ல இருந்து எப்பம்மா வந்த?" என்பார். அந்தப் பெண் அழுகைக்கு நடுவிலும் நிமிர்ந்து பார்ப்பாள், நம்மை ஒரு மந்திரி ஞாபகம் வைத்திருக்கிறாரே என்று. டிவானி துணை மந்திரியாக இருந்தது கொஞ்ச காலம்தான். அப்பா மட்டும் கடைசி வரை அவரை மினிஸ்டர் என்றே கூப்பிட்டார்.

இது எப்படி ஆரம்பித்தது என்பதை அம்மாதான் சொல்வாள். என் தாத்தா இறந்தபோது டிவானி புதிதாக வந்த கவுன்சிலர். வேறு ஊர்க்காரர். மழையில் நனைந்துகொண்டு உள்ளே வந்தவர், யார் குடும்பம், யார் அக்கம்பக்கம் என்று தெரியாமல், சவப்பெட்டி செய்த தச்சனிடம் போய், "அப்பாவை இழந்துட்டீங்களே" என்று கையைப் பிடித்துக்கொண்டார். கூடத்தில் சிரிப்பை அடக்கப் பாடுபட்டிருக்கிறார்கள். வரிசையில் நின்ற அப்பாவுக்கு மனசு கேட்கவில்லை. இறங்கிப் போய் அவர் பக்கத்தில் நின்று, "அவர் இல்ல. அதோ அந்தம்மாதான், எங்கம்மா" என்று மெதுவாகச் சொல்லிக் கொடுத்தார். ஊரே அதை நல்ல குணம் என்று பேசியது. அடுத்த வாரம் டிவானி வீட்டுக்கு வந்து, தன்னோடு ஒரு துக்கத்துக்கு வர முடியுமா என்று கேட்டார்.

"கூட வான்னு கேட்டாரு, இவரும் போனாரு. இன்னும் திரும்பி வரல" என்று முடிப்பாள் அம்மா.

அம்மாவின் பெயர் அட்ராக்டா. முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை பார்த்தாள். அவள் வாய்க்கு ஊரில் எல்லோரும் பயப்படுவார்கள். கடையில் யாராவது, "பார்ட்லி எங்க அட்ராக்டா?" என்று கேட்டால், "எங்க போவான், யாராவது செத்திருப்பாங்க" என்பாள். எங்கள் ஓட்டுச்சீட்டில் ஒன்று, இரண்டு, மூன்று என்று விருப்ப வரிசை எழுத வேண்டும். தேர்தல் அன்று அப்பா ஓட்டுச்சாவடி வாசலில் நின்றுகொண்டு அவளிடம் ரகசியமாகக் கேட்பார்.

"முதல் விருப்பம் மினிஸ்டருக்குத்தானே போட்ட?"

"செத்த பிறகு சொல்றேன். அப்பத்தான் நீ என்கூட நிப்ப."

டிவானி ஐரோப்பாவுக்குப் போன பிறகு அப்பாவின் வேலை குறையும் என்று நினைத்தோம். இரட்டிப்பானது. தொகுதி அயர்லாந்தில் பாதி. டிவானியோ வாரத்தில் பல நாள் பாராளுமன்ற வேலையாகப் பிரஸ்ஸல்ஸில் இருந்தார். அதனால் அப்பாவே தனியாகத் துக்கங்களுக்குப் போனார். கை கொடுத்து, "மினிஸ்டர் ஸ்ட்ராஸ்பர்க்ல இருக்காரு. அவர் சார்பா வந்திருக்கேன்" என்பார். பாதி மரணங்கள் டிவானிக்குத் தெரியவே தெரியாது. மக்கள் அப்பாவின் கையிலேயே மனுக்களைக் கொடுக்க ஆரம்பித்தார்கள். கழிவுநீர்த் தொட்டி, இலவச மருத்துவ அட்டை, மகனுக்கு வேலை. அவர் எல்லாவற்றையும் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு, "மினிஸ்டர்கிட்ட சொல்றேன்" என்பார்.

ஒருமுறை ஆதரவாளர்களை ஒரு குழுவாக ஸ்ட்ராஸ்பர்க்குக் கூட்டிப்போனார்கள். அம்மாவும் அப்பாவும் போனார்கள். மேல்தளத்தில் உட்கார்ந்து பெரிய வட்ட மண்டபத்தைப் பார்த்தார்கள். டிவானி எங்கோ தூரத்தில், காதில் மொழிபெயர்ப்புக் கருவியை மாட்டிக்கொண்டு, பால் உற்பத்திக்கான கோட்டாவைப் பற்றி ஒரு நிமிடம் பேசினார். யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. பிறகு காபி குடிக்கும் இடத்தில், தன் பக்கத்து இருக்கைக்காரரை அம்மாவுக்கு அறிமுகப்படுத்தப் போனவருக்கு அந்த மனிதரின் பெயர் வரவில்லை. அவர் பின்லாந்துக்காரர் என்பது மட்டும் தெரிந்திருந்தது.

திரும்பி வரும்போது அம்மா பஸ் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். "பாத்தியா பார்ட்லி, அங்க அவர் காதுல ஓதறதுக்கு மெஷின் வெச்சிருக்காங்க. இங்க நீ. மெஷினையாவது சாயங்காலம் கழட்டி வெக்கிறாங்க."

பஸ்ஸே சிரித்தது. அப்பாவும் சிரித்தார். அந்தக் கதையை அவரே பலரிடம் சொல்லியிருக்கிறார், தன்னைப் பாராட்டியது போல.

நான் எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள். டப்ளினில் அரசியல் படித்தேன். ஒரு வகுப்பில் பேராசிரியர், கிராமத்து அரசியல்வாதிகள் சவ ஊர்வலம் சவ ஊர்வலமாக அலைவதைப் பற்றி நகைச்சுவையாகச் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் சொன்னது தவறு இல்லை. அன்று சாயங்காலம் அப்பா போன் செய்து, "இன்னைக்கு என்ன படிச்ச?" என்று கேட்டபோது வேறொரு வகுப்பைப் பற்றிச் சொன்னேன்.

அம்மாவுக்குக் கணையத்தில் புற்றுநோய் என்று தெரிந்தபோது நான் படிப்பை முடித்திருந்தேன். நாட்கள் அதிகம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அவள் வீட்டிலேயே இருக்க விரும்பினாள். கடைசி வாரத்தில் ஒருநாள் அப்பா அவளுக்கு டீயைக் கரண்டியில் ஊட்டிக்கொண்டிருந்தார். நான் கதவருகில் துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

"பார்ட்லி, ஒண்ணு கேக்கவா?"

"கேளு."

"எவ்வளவோ பேர் பெட்டிக்கு முன்னாடி போய் நின்னிருக்க. என் பெட்டிக்கு நீ இந்தப் பக்கம் நிக்கணும். பிள்ளைங்களோட. கடைசி ஆள் கை கொடுத்துட்டுப் போற வரைக்கும்."

"வேற எங்க நிப்பேன் நான்?"

"சும்மா சொல்லாத. சத்தியமா சொல்லு."

"சத்தியமா நிப்பேன் அட்ராக்டா."

"மினிஸ்டர் வந்தாலும்?"

அப்பா சிரித்தார். "போப்பாண்டவர் வந்தாலும்."

அவளும் சிரித்தாள். வலியில் பாதியில் நிறுத்திவிட்டாள்.

துக்கக் கூடத்தில் நாங்கள் நின்ற வரிசை இப்படி: வாசல் பக்கம் முதலில் பர்மிங்ஹாமிலிருந்து வந்த நோரா சித்தி, அம்மாவின் தங்கை. அடுத்து என் அண்ணன் கோனல், ஆஸ்திரேலியாவில் சுரங்க வேலை பார்ப்பவன், இரண்டு விமானம் மாறி வந்திருந்தான். பிறகு நான். பெட்டியின் தலைமாட்டில் அப்பா. அம்மாவுக்கு நீல உடை போட்டிருந்தோம். வெளியே கூட்டம் ரோடு வரை நின்றது. அத்தனை வீட்டுத் துக்கத்துக்கும் போனவர் அல்லவா அப்பா. அத்தனை வீடும் திரும்பி வந்திருந்தது.

அவர் நன்றாகத்தான் நின்றார். வந்தவர்களின் கையைப் பிடித்துக்கொண்டார், அழுதார், பெயர் சொல்லிக் கூப்பிட்டார். நான் ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். ஒரு கையைப் பெட்டியின் விளிம்பில் வைத்திருந்தார். சொன்ன வார்த்தையைக் காப்பாற்றுகிறார் என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

வாசலில் சலசலப்பு. கூட்டம் தானாக விலகியது. டிவானி நேராக விமான நிலையத்திலிருந்து வந்திருந்தார். பிரஸ்ஸல்ஸில் ஒரு ஓட்டெடுப்பை விட்டுவிட்டு வந்தார் என்று பிறகு தெரிந்தது. அப்பாவுக்கு அடுத்தபடியாக அன்று அதிகம் அழுத முகம் அவருடையதாகத்தான் இருந்திருக்கும். அவரைக் கெட்டவர் என்று சொல்ல எனக்கு எப்போதும் ஆசை. அன்றுகூட முடியவில்லை.

அவருடன் புதிய ஓட்டுநர் ஒருவர் வந்திருந்தார், டப்ளின்காரர். அவருக்கு யாரையும் தெரியாது. டிவானி நோரா சித்தியின் முன்னால் வந்து நின்றார். கையை நீட்டினார். வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. அந்தப் பார்வையை நான் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். கண் லேசாக இடது பக்கம் போகும்.

அப்பா பெட்டியிலிருந்து கையை எடுத்தார்.

எனக்குப் பின்னால் ஒரு அசைவு தெரிந்தது. அடுத்த நொடி அவர் எங்களுக்கு முன்னால், எதிர்ப் பக்கத்தில், டிவானியின் இடது தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். தலையைச் சாய்த்து, உதடு அசையாமல்.

"நோரா. அட்ராக்டாவோட தங்கச்சி. பர்மிங்ஹாம். ஆஸ்பத்திரியில இருந்து ரிட்டயர் ஆயிட்டா."

"நோரா," என்றார் டிவானி, "உங்க கஷ்டத்துக்கு ரொம்ப வருந்துறேன். பர்மிங்ஹாம்ல இருந்து எப்ப வந்தீங்க?"

சித்தி டிவானியைப் பார்க்கவில்லை. அப்பாவைப் பார்த்தாள்.

"கோனல். மகன். பெர்த்ல சுரங்கம்."

கோனல் கையைக் கொடுத்தான். அவன் தாடை இறுகுவது எனக்குத் தெரிந்தது.

"டெர்வ்லா. மகள். டப்ளின்ல பட்டம் வாங்கியிருக்கா. அரசியல் பாடம்."

என்னை வளர்த்தவர், யாரோ ஒருவர் வீட்டுப் பெண்ணைச் சொல்வது போல என்னைச் சொன்னார். டிவானி என் கையை இரண்டு கைகளாலும் பிடித்தார். "டெர்வ்லா. உன்னால அம்மாவுக்கு எவ்வளவு பெருமை தெரியுமா? பட்டம் வாங்கினவளாச்சே." அந்த அரை நொடி, மற்ற எல்லார் வீட்டுப் பெண்களையும் போலவே, என் முதுகும் நிமிர்ந்தது. "தாங்க்யூ மினிஸ்டர்" என்றேன். அதை நான் சொன்னேன் என்பதை இன்றைக்கும் என்னால் விழுங்க முடியவில்லை.

அடுத்து அவர் நகர்ந்து நின்றபோது, எதிரே இடம் காலியாக இருந்தது.

அங்கே அப்பா நின்றிருக்க வேண்டும். இப்போது வெறும் தரையும், பெட்டியும், அம்மாவின் முகமும் இருந்தன. டிவானி கையை நீட்டியபடியே நின்றார். வழக்கப்படி இடது பக்கம் திரும்பினார். அப்பாவும் வழக்கப்படி வாயைத் திறந்தார். சொல்ல ஆள் இல்லை.

டிவானியின் கழுத்து சிவந்து, சிவப்பு காது வரை ஏறியது.

"பார்ட்லி," என்றார் மெதுவாக, "நீ இங்கதானே நிக்கணும்?"

"ஆமா மினிஸ்டர்."

ஆனால் அவர் நகரவில்லை. கால் எப்படி நகரும் என்றே மறந்தவர் போல நின்றார். டிவானி, இருந்த இடத்திலேயே திரும்பி, அவருக்குக் கை கொடுத்தார். தவறான பக்கத்தில் நின்றபடி இருவரும் கை குலுக்கினார்கள். பிறகு டிவானி அம்மாவின் நெற்றியைத் தொட்டுச் சிலுவை போட்டுக்கொண்டு, "கார் வரைக்கும் நான் போய்க்கிறேன்" என்றார்.

"வாசல்ல டீலியா மோரன் நிக்கிறா மினிஸ்டர். கண்ணு ஆபரேஷன் பண்ணியிருக்கா" என்று சொல்லிக்கொண்டே அப்பா அவரோடு வெளியே போனார்.

வரிசை மறுபடி நகர்ந்தது. வந்தவர்கள் எங்கள் மூவருக்கும் கை கொடுத்துவிட்டு, அந்தக் காலி இடத்தைச் சுற்றிக்கொண்டு போனார்கள். கசாப்புக் கடைக்காரர் மாட்டி தன் பின்னால் நின்றவரிடம் சொன்னது எனக்குக் கேட்டது. "பொண்டாட்டி பெட்டிகிட்டயே ஓட்டு சேக்குறான்யா. அவளும் இருந்திருந்தா நல்லா சிரிச்சிருப்பா." அம்மா சிரித்திருப்பாளா? எனக்கு அப்படித் தோன்றவில்லை.

அப்பா திரும்பி வந்தபோது கதவருகிலேயே நின்றுவிட்டார். தலைமாட்டுக்கு வரவே இல்லை. கடைசி ஆள் கை கொடுத்துப் போகும் வரை அங்கேயே, வந்தவர்களின் நனைந்த குடைகளை வாங்கி வைத்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் அக்கம்பக்கத்தார் கொண்டு வந்த பன்றி இறைச்சி சாண்ட்விச்சுகள் சமையலறை மேசையில் அடுக்கடுக்காக இருந்தன. யாரும் தொடவில்லை. அப்பா தொட்டியில் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய்த் துணியை எடுத்துத் துடைத்தேன்.

"அவர் கூப்பிட்டாரா அப்பா?"

"யாரு?"

"யாருன்னு தெரியும் உங்களுக்கு. உங்கள வரச் சொல்லி சைகை காட்டினாரா?"

காட்டினார் என்று சொன்னால் போதும். பழியை டிவானி மேல் போட்டுவிட்டு நாங்கள் எல்லோரும் தூங்கப் போகலாம்.

"இல்ல. அவர் கூப்பிடல. முழிச்சாரு, அவ்வளவுதான்."

"முழிச்சா முழிக்கட்டுமே."

"நோராவுக்குச் சங்கடமா இருக்கும்னு..." என்றார். கோப்பையைத் தண்ணீருக்குள் வைத்துக்கொண்டே இருந்தார். "நானாத்தான் போனேன் டெர்வ்லா. போயி நின்ன பிறகுதான் எங்க நிக்கிறேன்னு தெரிஞ்சுது."

"அப்புறம் திரும்பி வந்திருக்கலாமே?"

"எந்த முகத்தோட?"

கோனல் பின்வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். உள்ளே வராமலேயே சொன்னான். "நாளைக்கு அம்மாவ நான் தூக்குறேன். மாமா பசங்க இருக்காங்க, டெர்வ்லா இருக்கா. அவர் தூக்க வேணாம்."

"கோனல்," என்றாள் சித்தி.

"அவருக்கு மினிஸ்டர் வந்தா நடுவழியில இறக்கி வெச்சுட்டுப் போயிடுவாரு சித்தி. அப்ப பெட்டிய யாரு பிடிக்கிறது?"

அப்பா கைகளைத் துடைத்துக்கொண்டு மாடிக்குப் போனார். காலையில் நான் எழுந்து வந்தபோது எங்கள் எல்லோருடைய காலணிகளும் பாலிஷ் போட்டு வாசலில் வரிசையாக இருந்தன. கோனலுடையதும்தான்.

மாதா கோவிலில் முதல் பெஞ்சு குடும்பத்துக்கு. நாங்கள் உட்கார்ந்தோம். ஓரத்தில் அப்பாவுக்கு இடம் விட்டிருந்தோம். பூசை ஆரம்பித்தும் அது காலியாகவே இருந்தது. நான் திரும்பிப் பார்த்தேன். அவர் கோவிலின் கடைசியில், வாசல் மண்டபத்தில், தீர்த்தத் தொட்டியை ஒட்டி நின்றிருந்தார். டிவானியோடு போகும்போதெல்லாம் நிற்கிற இடம் அது. அடுத்த துக்கத்துக்குச் சத்தமில்லாமல் கிளம்ப வசதியான இடம்.

போய்க் கூட்டிவர வேண்டும் என்று தோன்றியது. கோவில் முழுக்க என்னைப் பார்க்கும். பார்த்து, நேற்றைய கதைக்கு இன்னொரு துண்டு சேர்த்துக்கொள்ளும். நான் எழவில்லை. அவருக்காக வெட்கப்பட்டேனா, என்னை நினைத்து வெட்கப்பட்டேனா என்று அப்போது பிரித்துப் பார்க்க முடியவில்லை. அம்மா கேட்டது எனக்கும் தெரியும். கதவருகில் துணி மடித்துக்கொண்டு கேட்டவள் நான்தான். அப்பாவின் சத்தியத்துக்கு உயிரோடு இருக்கிற ஒரே சாட்சி.

பூசை முடிந்தது. அடக்க ஏற்பாடுகளைச் செய்யும் ஹெஸ்லின் எங்களை வரிசைப்படுத்தினார். முன்னால் கோனலும் ஒரு மாமா மகனும். நடுவில் மாமா மக்கள் இருவர். பின்னால் நானும் இன்னொருவனும். பெட்டியைத் தோளில் ஏற்றினோம். எங்கள் ஊர் வழக்கப்படி எதிரில் இருப்பவரின் தோளில் கை போட்டுப் பிடித்துக்கொண்டோம். கன்னம் மரத்தோடு ஒட்டியது. அம்மா இவ்வளவு கனமாக இருப்பாள் என்று நான் நினைக்கவில்லை.

நடுவழியாக மெல்ல நடந்தோம். வாசல் மண்டபத்தில் பாதிரியார் கடைசி ஜெபம் சொல்ல வேண்டும் என்று ஹெஸ்லின் எங்களை நிறுத்தினார். நான் நின்ற இடத்துக்கு நேராக, ஒரு கை தூரத்தில், அப்பா. பெட்டிக்கு வழிவிட்டுத் தீர்த்தத் தொட்டியோடு ஒட்டி நின்றார். கைகளை முன்னால் கோத்து, தலையைத் தாழ்த்தி. எத்தனையோ அன்னியர்களின் பெட்டி கடந்து போகும்போது அவர் நின்ற அதே நிலை. ஷூவில் மட்டும் பாலிஷ் இல்லை. தன்னுடையதை அவர் மறந்திருந்தார்.

என் வாய் மரத்துக்குப் பக்கத்தில் இருந்தது. நான் யோசித்துச் சொன்னதில்லை அது. உதடு அசையாமல் சொன்னேன்.

"அம்மா. இடது பக்கம் நிக்கிறது பார்ட்லி ரூவேன். உன் வீட்டுக்காரர். பால் லாரி ஓட்டுறவர்."

ஜெபம் நடந்துகொண்டிருந்தது. யாருக்கும் கேட்டிருக்காது. அப்படிப்பட்ட குரலைப் பிடிக்கத் தெரிந்த காது அங்கே ஒன்றுதான் இருந்தது. அப்பா தலை நிமிர்ந்தார். முகம் ஒரு குழந்தையுடையது போலக் கோணிக்கொண்டது. ஓர் அடி முன்னால் வந்து நின்றுவிட்டார், அதற்கு மேல் அனுமதி வேண்டும் என்பது போல.

நான் ஹெஸ்லினைப் பார்த்தேன். அவர் முன்னால் இருந்த கோனலைப் பார்த்தார். கோனல் திரும்பவில்லை. கழுத்தைத் திருப்ப முடியாத கனம் என்றும் சொல்லலாம். வேண்டாம் என்று அவன் சொல்லவில்லை. ஹெஸ்லின் எனக்கு எதிரில் இருந்த மாமா மகனின் முதுகைத் தட்டினார். அவன் விலகினான். அப்பா குனிந்து பெட்டிக்கு அடியில் வந்தார். அவர் கை பெட்டிக்குக் கீழாக என் தோளுக்கு வந்து, கோட்டைப் பற்றிக்கொண்டது. அவர் என்னைவிடக் குட்டை. பாரம் என் தோளில் கூடியது.

வெளியே கல்லறைக்குப் போகும் பாதையின் இருபுறமும் ஊர் நின்றது. டிவானியும் இருந்தார், கூட்டத்தின் பின்வரிசையில், தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, தனியாக. அவரைக் கடந்தபோது என் தோளில் இருந்த கை இறுகியது. அப்பா நிற்கவில்லை.

கொஞ்ச தூரம் போனதும் பெட்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு முணுமுணுப்பு கேட்டது. ஜெபம் சொல்கிறார் என்று முதலில் நினைத்தேன்.

"டீலியா வந்திருக்கா. கறுப்புக் கண்ணாடி போட்டிருக்கா. பக்கத்துல அவ மருமகன், டிரக் வாங்கினானே, அவன். கசாப்புக் கடை மாட்டி வந்திருக்கான் அட்ராக்டா, குடிக்காம வந்திருக்கான். உன் இல்லத்துச் சமையல்கட்டுப் பொண்ணுங்க எல்லாம் ஏப்ரனோடயே வந்து நிக்குதுங்க. அந்தச் சின்னவ அழறா. பேரு... பேரு..."

பெயர் வரவில்லை. அவருக்குப் பெயர் வராமல் போனதை அன்றுதான் முதல்முறையாகக் கேட்டேன்.

"அந்தச் சின்னவ," என்றார் மறுபடி. தொடர்ந்து அடுத்தவரைச் சொன்னார், அதற்கடுத்தவரை. கல்லறைக் குழி வரைக்கும் நிறுத்தவில்லை. அது அவளுக்காகச் சொன்னதா, வாய்ப் பழக்கமா என்று அவரைக் கேட்க இன்று வரை எனக்குக் கூச்சமாக இருக்கிறது.